சைபர்னா முட்டை மட்டுமா?

"கணக்குல சைபர் வாங்கிட்டு வந்திருக்கான்" என்று எங்க வீட்டுப் பெரியவங்க சொல்வாங்க. அந்த சைபர் பூஜ்யம். அரபியில் காலி என்று பொருள்படும் 'சிஃப்ர்' என்ற சொல்லிலிருந்து வந்தது. சைபர் க்ரைமில் இருக்கிற சைபர் வேற ஆளு. அவர் கிரேக்கர். தமிழ்ல எழுதினா ரெண்டு பேரும் இரட்டைப் பிள்ளைங்க மாதிரி தெரியறாங்க, அவ்வளவுதான்.

கிரேக்கத்தில் 'கிபெர்னேத்தேஸ்' என்றால் கப்பலில் சுக்கான் பிடிப்பவர். (சுக்கானும் அரபியிலிருந்து வந்ததுதான்!) நாட்டை ஆள்வதைக் கப்பல் ஓட்டுவதோடு பிளேட்டோவே ஒப்பிட்டாச்சு. இதே சொல் லத்தீனில் 'குபெர்னாரே' ஆகி, ஆங்கிலத்தில் கவர்னர் ஆச்சு. ஆக, கவர்னரும் சைபரும் பங்காளிங்க :-) 19ஆம் நூற்றாண்டில் ஆம்பியர் (மின்சாரத்தில் வர்ற அதே ஆம்பியர்தான்) அரசாளும் கலைக்கு இந்தச் சொல்லிலிருந்தே பேர் வெச்சார்.

1948-ல் நார்பர்ட் வீனர் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் 'சைபர்நெட்டிக்ஸ்' என்று புத்தகமே போட்டார். சுக்கான் பிடிக்கிறவர் என்ன பண்றார்? திருப்பறார், கப்பல் எவ்வளவு திரும்பிச்சுன்னு பார்க்கறார், அதிகமானா எதிர்ப்பக்கம் திருத்தறார். மிருகமோ மெஷினோ, தன்னைக் கட்டுப்படுத்திக்கிறது இப்படித்தான் என்றார் வீனர். இதில் முக்கியமான சங்கதி ஃபீட்பேக். அதாவது, நம்ம 'பின்னூட்டம்'!

அப்புறம் சொல்லை நறுக்க ஆரம்பிச்சாங்க. 1960-ல் 'சைபோர்க்'. 1982-ல் வில்லியம் கிப்சன் ஒரு சிறுகதையில் 'சைபர்ஸ்பேஸ்' என்றார். 1984-ல் அவரோட 'நியூரோமான்சர்' நாவல் அதை ஊரெல்லாம் பரப்பிச்சு. 'கிபெர்ன்' என்ற வேரின் கடைசி 'ன்' போச்சு, கூடவே சுக்கான் பிடிச்சவரும் போயிட்டார். சைபர்னா கம்ப்யூட்டர், இன்டர்நெட், அவ்வளவுதான். சைபர் கஃபே வந்தப்ப அந்தச் சொல்லில் ஒரு ஜாலி இருந்துச்சு. இப்ப அதைக் கேட்டாலே மோசடி ஃபோனும் 1930-ங்கிற புகார் எண்ணும்தான் ஞாபகம் வருது.

எனக்கு உறுத்தறது வேற. எதைப் படிக்கலாம்னு நானா தேடிப் போன காலம் ஒண்ணு இருந்துச்சு. இப்ப ஃபோனே எடுத்துக் காட்டுது. எதில் எவ்வளவு நேரம் நிக்கறேன்னு பார்த்து, அதுக்கேத்த மாதிரி அடுத்ததைத் திருத்துது. வீனர் சொன்ன அதே வித்தை. ஆனா சுக்கான் அதுகிட்ட இருக்கு, கப்பல் நான்.

உங்க சுக்கான் யார் கையில மக்களே? பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.