மீட்டர் சரியாகத்தான் காட்டியது

மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஓம் விதிக் கணக்கில் என் பிள்ளைகள் மதிப்பெண்ணைக் கோட்டை விட்டதே இல்லை. கரும்பலகையில் ஒரு முக்கோணம் போடுவேன். மேலே மின்னழுத்தம், கீழே மின்னோட்டமும் மின்தடையும். எது வேண்டுமோ அதை விரலால் மூடு, மிச்சம் விடை. அந்த முக்கோணத்தைத் தாண்டி எனக்கே அதிகம் தெரியாது என்பதைப் பணியில் இருந்தவரை யாரிடமும் சொல்லவில்லை.

230 வோல்ட், 60 வாட் குண்டு பல்பின் மின்தடை என்ன? நான் வழக்கமாகக் கொடுத்த கணக்கு இது. திறனை மின்னழுத்தத்தால் வகுத்தால் மின்னோட்டம் 0.26 ஆம்பியர். 230-ஐ அதனால் வகுத்தால் மின்தடை சுமார் 880 ஓம். முடிந்தது.

ஒரு வருடம் பிளஸ் டூ பையன் ஒருவன் மறுநாள் மஞ்சப்பையில் ஒரு பல்பும் மல்டிமீட்டரும் கொண்டு வந்தான். அவன் அப்பா வயர்மேன். பல்பின் அடியில் இருக்கும் இரண்டு ஈயப் பொட்டுகளில் மீட்டரின் முனைகளை வைத்துக் காட்டினான். 65 ஓம்.

“சார், 880 வரலையே?”

“பேட்டரி செத்திருக்கும். உங்கப்பா சாமானையெல்லாம் கிளாசுக்குக் கொண்டு வராதே.”

வகுப்பு சிரித்தது. அவன் மீட்டரைப் பைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

மீட்டர் கெட்டுப்போயிருக்கும் என்று நான் நம்பியிருந்தால்கூட இது வெறும் அறியாமை. நான் நம்பவில்லை. இடைவேளையில் ஆய்வகத்துக்குப் போய், பள்ளி மீட்டரில் வேறொரு 60 வாட் பல்பை வைத்துப் பார்த்தேன். அதுவும் அறுபது சொச்சம்தான். 65 ஓம் என்றால் 230 வோல்ட்டுக்கு மூன்றரை ஆம்பியர் ஓட வேண்டும். திறன் 800 வாட்டுக்கு மேல் போகும். 60 வாட் பல்பு எங்கேயாவது 800 வாட் இழுக்குமா? எங்கோ எனக்குப் புரியாத ஒன்று இருக்கிறது என்று தெரிந்தது. மீட்டரை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

விடை ஒன்றும் பரம ரகசியம் அல்ல. டங்ஸ்டன் இழை எரியும்போது சுமார் 2,500 டிகிரிச் சூட்டில் இருக்கிறது. அந்தச் சூட்டில் அதன் மின்தடை, ஆறிக் கிடக்கும்போது இருப்பதைப் போல் பன்னிரண்டு பதின்மூன்று மடங்கு. பையன் அளந்தது அணைந்த பல்பை. என் கணக்கு எரியும் பல்புக்கு. இரண்டும் சரி. அந்த மூன்றரை ஆம்பியரும் பொய்யில்லை. சுவிட்ச் போட்டதும் ஒரு கணம் கிட்டத்தட்ட அவ்வளவு பாயத்தான் செய்யும். குண்டு பல்புகள் பெரும்பாலும் சுவிட்ச் போடும் நேரத்தில் பட்டென்று போவதற்கு அதுவும் ஒரு காரணம். இதில் வெட்கக்கேடு என்னவென்றால், வெப்பநிலை ஏறினால் உலோகத்தின் மின்தடை ஏறும் என்ற பாடத்தை அடுத்த வாரமே நடத்தினேன். வாய்பாடு எழுதிப் போட்டேன். பல்பைப் பற்றி மூச்சு விடவில்லை. அவன் இருந்த பெஞ்சுப் பக்கம் திரும்பவும் இல்லை.

செய்முறை வகுப்பில் செய்தது இதைவிட மோசம். ஓம் விதியைச் சரிபார்க்கும் சோதனையில் நேர்கோட்டில் விழாத புள்ளியை அழித்து எழுதச் சொன்னவன் நான். ஓம் என்பவரும் என்னைப்போல் பள்ளி ஆசிரியர்தான், ஜெர்மனியின் கொலோன் நகரத்தில். மின்கல அடுக்கின் அழுத்தம் நிலையாக நிற்காமல் அவருடைய அளவுகள் தடுமாறியபோது, அவர் அளவைத் திருத்தவில்லை, மூலத்தை மாற்றினார். ஒரு சந்தியைக் கொதிநீரிலும் இன்னொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்து, வெப்பத்தால் மின்சாரம் தரும் இரட்டை உலோக அமைப்பைப் பயன்படுத்தினார். 1827-ல் வந்த அவருடைய புத்தகத்துக்குப் பின்னால் இருப்பது அந்த அளவுகள்.

மின்விசிறியையும் சொல்லிவிடுகிறேன். 230-ஐ வர்க்கப்படுத்தி 75 வாட்டால் வகுத்து, மின்தடை 705 ஓம் என்று எழுதியவர்களுக்கெல்லாம் முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன். விசிறி ஒரு மோட்டார். அந்த வகுத்தலில் வருவது அதன் சுருளின் மின்தடையே அல்ல. கேள்வியே தப்பு.

கடைசியில் என் அறியாமையை வீட்டுக்கு வந்த ஒரு வயர்மேன் போட்டு உடைத்தார். வாளியில் போடும் 1,500 வாட் வாட்டர் ஹீட்டரின் பிளக் பழுப்பேறி உருகத் தொடங்கியிருந்தது. வயர் மெல்லிசு என்பது என் தீர்ப்பு. அவர் சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்து, “வயர் நல்லாத்தான் இருக்கு சார், லூஸ் கான்டாக்ட்” என்றார். ஹீட்டர் இழுப்பது ஆறரை ஆம்பியர். தொடுமிடத்தில் அரை ஓம் இருந்தாலே போதும். மின்னோட்டத்தின் வர்க்கத்தை அரையால் பெருக்கினால் 21 வாட். சின்ன சால்டரிங் அயர்ன் ஒன்றின் சூடு ஒரு பின் முனையில். இதே இடத்தில் நானாக இருந்தால் பழக்கத்தில் 230-ஐ வர்க்கப்படுத்தி அரையால் வகுத்திருப்பேன். ஒரு லட்சம் வாட்டுக்கு மேல் வந்திருக்கும். அந்த இடத்தில் விழுவது மூன்று வோல்ட் சொச்சம்தான், மீதியெல்லாம் ஹீட்டரில். எந்தப் பகுதியின் மின்தடை வேண்டுமோ, அந்தப் பகுதிக்குக் குறுக்கே உள்ள மின்னழுத்தத்தைத்தான் போட வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தை எந்த வகுப்பிலும் நான் சொன்னதில்லை. பிள்ளைகள் தப்பாகப் போட்டபோது சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டதோடு சரி.

இன்று இயற்பியல் நடத்தும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். பைக் இண்டிகேட்டரில் போடும் 12 வோல்ட், 10 வாட் இழை பல்பு ஒன்றை வகுப்புக்குக் கொண்டு போங்கள். ஷாக் அடிக்கும் பயம் இல்லை. கணக்குப்படி அதன் மின்தடை 14 ஓம் சொச்சம். மீட்டர் ஒன்றிரண்டு ஓம்தான் காட்டும். அம்மீட்டரும் வோல்ட்மீட்டரும் இணைத்து, அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி வரைபடம் போடச் சொல்லுங்கள். கோடு வளையும். வளைந்ததற்காக மதிப்பெண்ணைக் குறைத்துவிடாதீர்கள்.