மாரிகாலத்துக்கு முன்னே



டிசம்பர் மாதம் பிறந்தவுடன் நம் சபைகளில் வடதேசத்து மிஷனெரிகளுக்காகச் சிறப்பாக ஜெபிக்கிறோம். பனியிலும் குளிரிலும் அவர்களைக் காத்தருளும்படி கர்த்தரிடம் மன்றாடுகிறோம். அந்தக் குளிர் எத்தன்மையது, அதன் நடுவே ஓர் ஊழியக் குடும்பத்துக்கு உண்மையில் தேவைப்படுவது எது என்பதை, லடாக்கின் லே நகரில் ஐந்து டிசம்பர் மாதங்களைக் கழித்தவள் என்ற முறையில் உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

எங்கள் சொந்த ஊர் திருவனந்தபுரம் மாவட்டத்துக் கல்லாறு. தேயிலைத் தோட்ட வேலைக்காகப் பொன்முடி மலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. மலைக்கு ஏறும் 22 கொண்டையூசி வளைவுகளில் மூடுபனி இறங்கினாலே கடுங்குளிர் என்று போர்வையைத் தேடுவோம். 2010 ஆகஸ்டில் மேகவெடிப்பினால் உண்டான வெள்ளம் லே நகரைப் பாழாக்கியபோது, நிவாரணப் பணிக்கென்று என் கணவரும் நானும் அங்கே சென்றோம். தேவன் எங்களை அங்கேயே தங்கவைத்தார்.

லே ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. டிசம்பர் இரவுகளில் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே 10, 15 டிகிரிக்கு இறங்கும். குழாய்களில் தண்ணீர் உறைந்துவிடும். கிழங்கும் முள்ளங்கியும் மண்ணில் குழி வெட்டிச் சேமித்தவைதாம். புகாரி என்னும் இரும்பு அடுப்பைச் சுற்றியே வீட்டார் அனைவரும் வாழ்வர். அந்நாட்களில் ஸ்ரீநகர்ச் சாலையும் மணாலிச் சாலையும் பனியால் அடைபட்டபின் விமானம் ஒன்றே வழி. மேகம் மூடினால் அதுவும் இல்லை.

நம்மில் சில சபையார் கிறிஸ்துமஸ் பண்டிகையை ஆசரிப்பதில்லை என்பதை அறிவேன். அதைக் குறித்து வாதிட நான் எழுதவில்லை. ஆயினும் ஆசரிப்போருக்கும் ஆசரியாதோருக்கும் அந்த வாரம் வீட்டு நினைவைக் கொண்டுவரும். எங்கள் கூடுகையில் மொத்தம் ஏழு பேர்: நாங்கள் இருவர், அனுமதி பெற்று வரும் தமிழ்ப் போர்வீரர் நால்வர், கேரளத்து செவிலியர் ஒருவர். பாடும்போது வாயிலிருந்து வெளிவரும் மூச்சு புகையாய்த் தெரியும்.

இரண்டாம் ஆண்டு, 2011 டிசம்பரில், கல்லாற்றில் என் தாயார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். எங்கள் முன்கட்டணச் சிம் அட்டை அம்மாநிலத்தில் இயங்காததால், தொலைபேசிக் கடையில் வைத்தே செய்தியைக் கேட்டேன். மூன்று நாட்கள் விமானம் இறங்கவில்லை. நான் புறப்பட வழி இல்லாமலே அடக்க ஆராதனை நடந்து முடிந்தது.

அன்று மாலை அடுத்த வீட்டு மூதாட்டி வந்தார். அவர் புத்த மார்க்கத்தவர். லோசார் என்னும் அவர்களது புத்தாண்டு அந்த வாரத்தில்தான் வந்தது. பலகார வேலையை மருமகளிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். அவர் மொழி எனக்குத் தெரியாது. என் மொழி அவருக்குத் தெரியாது. வெண்ணெயும் உப்பும் சேர்த்த தேநீரை ஊற்றிக் கொடுத்தார். தம் கையால் பின்னிய கம்பளிக் காலுறையை என் கால்களில் மாட்டினார். விடியும்வரை அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மெலித்தா தீவின் அந்நியர், மழையிலும் குளிரிலும் கரையேறிய பவுலுக்கும் உடனிருந்தோருக்கும் தீ மூட்டி ஆதரித்ததை அப்போஸ்தலர் நடபடிகளில் வாசித்திருக்கிறீர்கள். அதன் பொருள் எனக்கு அன்றிரவு விளங்கியது. கொடுக்கச் சென்றவருக்குப் பெற்றுக்கொள்ளும் கிருபையும் வேண்டும்.

எங்களுக்கு முன்னே சென்றோரின் சரித்திரமும் இதையே கூறுகிறது. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டைச் சேர்ந்த மொரேவியன் சபை, ஹைடே, பாகெல் என்ற இரு சகோதரரை மங்கோலியாவுக்கென்று அனுப்பியது. வழி திறக்கவில்லை. அவர்கள் 1856இல் இன்றைய இமாசலப் பிரதேசத்தின் லாஹூல் பள்ளத்தாக்கில், கேலாங் என்னும் ஊரில் தங்கினர். ரோஹ்தாங் கணவாய் மூடியபின் பல மாதங்கள் வெளியுலகத் தொடர்பு அரிது. 2020இல் அடல் சுரங்கப்பாதை திறக்கும்வரை அவ்வூர் மக்களின் நிலை பெரும்பாலும் அதுதான்.

ஹைடேயின் மனைவி மரியா 1859 முதல் 1898 வரை அங்கேயே வாழ்ந்தார். பெற்ற பிள்ளைகளில் சிலரை அம்மண்ணிலேயே அடக்கம்பண்ணினார். கூட்டிச் சேர்த்த ஆத்துமாக்களோ மிகச் சிலர். ஆனால் மிஷனெரிப் பெண்கள் லாஹூல் பெண்களோடு அமர்ந்து காலுறை பின்னக் கற்றுக்கொடுத்தனர். இன்றும் லாஹூலின் கம்பளிக் காலுறைகள் பெயர்பெற்றவை. உடன் ஊழியரான யெஷ்கே திபெத்திய மொழிக்கு அகராதி தொகுத்தார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு, அவரது மறைவுக்குப்பின் 1885இல் வெளிவந்தது. அதே ஆண்டில் லே நகரிலும் ஊழியம் தொடங்கியது. முழு வேதாகமத்துக்காகப் பல்லாண்டுகள் உழைத்த லடாக்கியர் யோசேப் கெர்கன் 1946இல் மறைந்தார். நூல் 1948இல் லாகூரில் அச்சேறியது. இருவரும் தங்கள் மொழிபெயர்ப்பு முழு நூலாக வெளிவந்ததைக் காணவில்லை. ஒரு குளிர்காலத்தில் முடியும் வேலை அல்ல இது.

பிரியமானவர்களே, பவுல் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதிய நிருபத்தின் முடிவில் என்ன கேட்கிறார் என்று பாருங்கள். துரோவாவில் கார்ப்புவிடம் விட்டுவந்த மேலங்கியைக் கேட்கிறார். மாரிகாலத்துக்கு முன்னே வந்து சேரும்படி வேண்டுகிறார். அத்தனை பெரிய அப்போஸ்தலருக்கும் ஒரு கம்பளியும் ஒரு நண்பனும் தேவையாயிருந்தது.

எனவே உங்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். டிசம்பரில் அனுப்பும் பார்சல் பனி மூடிய ஊருக்குக் காலத்தில் போய்ச் சேருவது கடினம், செப்டம்பரிலேயே அனுப்புங்கள். அறிக்கையில் ஞானஸ்நானம் பெற்றோரின் எண்ணிக்கையைத் தேடுவதற்கு முன், ஊழியரின் மனைவி எப்படி இருக்கிறார், பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள், ஊரிலுள்ள பெற்றோரை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று விசாரியுங்கள். என் தாயாரின் கடைசி மாதங்களில் கல்லாற்றுச் சபையின் இரு சகோதரிகள் முறைவைத்து அவரைக் கவனித்தனர். எங்கள் ஊழியத்துக்குக் கிடைத்த மிகப் பெரிய காணிக்கை அதுவே.

சென்னையிலும் பெங்களூரிலும் மும்பையிலும் குடியேறி வாழும் உங்கள் தெருவிலும், வீட்டைவிட்டு வெகுதூரம் வந்த யாரோ ஒருவர் இந்த மாதத்தில் துக்கச் செய்தி ஒன்றைக் கேட்கக்கூடும். அவர் மொழி உங்களுக்குத் தெரியாமலிருக்கலாம். தேநீர் ஊற்றிக் கொடுக்கவும் உடன் உட்காரவும் மொழி வேண்டியதில்லை. கர்த்தர் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.