கேசிங் பைப்

2017 ஏப்ரல் தொடங்கி 2019 அக்டோபர் வரை, இரண்டரை வருடம், எங்கள் வீட்டை ஒட்டிய தோட்டத்தில் ஒரு போர்க்குழியைத் திறந்தே போட்டிருந்தேன். மேலே ஒரு சாக்கு, சாக்கின்மேல் ஒரு கல். நான் வைத்திருந்த காவல் அவ்வளவுதான். யாரும் அதில் விழவில்லை. விழாமல் போனதற்கு நான் காரணமில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஊர் காங்கயத்துக்குத் தெற்கே. முப்பது நாற்பது அடிக்கு மண்ணும் உளுத்த கல்லும்; அதற்குக் கீழே பாறை. பாறைக்குள் எங்கேயாவது வெடிப்பு இருந்து, அந்த வெடிப்பில் மழைத்தண்ணீர் இறங்கியிருந்தால்தான் போரில் தண்ணீர். 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்துவிட்டது. வழக்கமாகப் பெய்வதில் பாதிகூடப் பெய்யவில்லை. அடுத்த ஜனவரியில் தமிழகம் முழுவதையும் வறட்சி பாதித்த மாநிலமாக அரசு அறிவித்தது. எங்கள் கிணற்றில் தவளை குதிக்கக்கூடத் தண்ணீர் இல்லை. அறுபத்தெட்டு வயதில் அம்மா லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வெயிலில் உட்கார்ந்திருந்தார். நான் திருப்பூரில் வேலை பார்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஊருக்கு வருகிறவன். கடன் வாங்கி ரிக் வண்டியை வரவழைத்தேன்.

உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்து நீரோட்டம் பார்க்கிறவர் நடந்தார். முருங்கை மரத்தடியில் தேங்காய் எழுந்து நின்றது. கற்பூரம் கொளுத்தி, ராத்திரி ஒன்பது மணிக்கு முதல் ராடை இறக்கினார்கள். ஒரு ராடு 20 அடி. ஒவ்வொரு ராடும் உள்ளே போகப் போக, அடிக்கு இவ்வளவு என்கிற ரேட்டும் ஏறும். கம்ப்ரசர் ஊதி வெளியே தள்ளுகிற கல்மாவு நனைந்து வந்தால் தண்ணீர் தட்டியிருக்கிறது என்று அர்த்தம். எங்களுக்கு விடிய விடியப் புகைதான் வந்தது. முருங்கை இலையெல்லாம் வெள்ளையாகப் படிந்துவிட்டது. 36-ஆவது ராடு முடிந்தபோது 720 அடி. "புகையாப் போச்சுங்க" என்றார் ஏஜென்ட்.

நான் தவறு செய்தது அதற்குப் பிறகுதான்.

மேல்மண் சரியாமல் இருக்க, பாறை வருகிறவரை போரில் ஒரு பிளாஸ்டிக் பைப் இறக்குவார்கள். அதுதான் கேசிங். அதை இறக்குவதற்காக மேலே துளையைச் சற்றுப் பெரிதாகவே போடுவார்கள். எங்கள் போரில் 40 அடி கேசிங், விலை 14,000 ரூபாய். "பைப்ப உருவிறலாங்களா? அடுத்த பாயிண்டுக்கு ஆகும்" என்று கேட்டார் ஏஜென்ட். "உருவுங்க" என்றேன். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. சங்கிலி போட்டு வண்டியே தூக்கிவிட்டது.

கேசிங் தரைக்கு மேலே ஒன்றிரண்டு அடி நீட்டிக்கொண்டு நிற்கும். கண்ணுக்குத் தெரியும், காலில் இடிக்கும், மூடி போட்டுத் திருகலாம். உருவிவிட்டால் தரையோடு தரையாக ஒரு வாய். மழைக்கு ஓரம் சரியச் சரிய அந்த வாய் அகன்றுகொண்டே போகும். இது எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். பைப்பை உருவிய பத்தாவது நிமிடமே ஓரத்து மண் உள்ளே கொட்டியதை நின்று பார்த்தவன் நான்.

சட்டமும் தெரியாததில்லை. போர் போட 15 நாள் முன்னதாக எழுத்து மூலம் தகவல் தர வேண்டும், கைவிட்ட குழியை அடியிலிருந்து தரைமட்டம் வரை மண், கல் போட்டு நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இலேயே சொல்லிவிட்டது. ஊராட்சியில் அனுமதி வாங்க வேண்டும் என்கிற தமிழக அரசின் விதி 2015-இல் வந்தது. நான் அனுமதியும் வாங்கவில்லை, குழியையும் நிரப்பவில்லை.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வடக்கே போட்ட போரில் 480 அடியில் ஒன்றரை இஞ்ச் தண்ணீர் வந்தது. முதல் குழியில் உருவிய பைப்பைத்தான் அதில் இறக்கினோம். அம்மா ஈரச் சேற்றைத் தொட்டுக் கும்பிட்டார். அந்த நிமிடத்திலிருந்து முருங்கை மரத்தடியை நான் மறந்துபோனேன்.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மா மறக்கவில்லை. அவர் ஆடு மேய்க்கிறவர். கூடவே பேத்தியும் வருவாள். "தம்பி, அந்தக் குழிய மூடிப்போடுங்க கண்ணு, புள்ளைங்க நடமாடற எடம்" என்று இரண்டு முறை சொன்னார். இரண்டு முறையும் "அடுத்த ஞாயித்துக்கெழம மூடீர்றனுங்க பெரியம்மா" என்றேன். நூறு ஞாயிற்றுக்கிழமைக்கு மேல் போய்விட்டது.

2019 அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை. மணப்பாறைக்குப் பக்கத்தில் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று கைவிட்ட ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. தீபாவளிக்கு ஊருக்கு வந்திருந்த நான் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இன்னொரு குழி தோண்டிப் போய் எடுக்கப் பார்த்தார்கள், பாறை விடவில்லை. அந்தப் பாறை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். "எவனாவது இப்படித் தொறந்து போடுவானா?" என்று சத்தமாகவே சொன்னேன். அம்மா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "நம்ம முருங்க மரத்தடியில இருக்கறது என்ன சாமி?"

டார்ச்சை எடுத்துக்கொண்டு போனேன். சாக்கு மக்கி நூல் நூலாகத் தொங்கியது. கல் ஒரு பக்கம் சரிந்து, பாதி குழிக்குள் இறங்கியிருந்தது. ஆனால் குழியைச் சுற்றி இடுப்புயரத்துக்கு வேலமுள் அடுக்கியிருந்தது. அடியில் இருந்த முள் கறுத்துப்போயிருந்தது. மேலே போட்டிருந்ததில் இலைகூட இன்னும் காயவில்லை. அதை வைத்தது நான் இல்லை. மட்கிப்போன முள்ளின்மேல் புது முள்ளைப் போட்டுப் போட்டு யாரோ இத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். யார் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு கூழாங்கல்லை உள்ளே போட்டேன். சுவரில் தட்டித் தட்டிக் கீழே போன சத்தம் நிற்க வெகுநேரம் ஆனது. அன்று ராத்திரி ஒரு இரும்புத் தகட்டைப் போட்டு, அதன் பக்கத்திலேயே கட்டில் போட்டுப் படுத்தேன்.

29-ஆம் தேதி விடிவதற்குள் அந்தக் குழந்தையை உயிரில்லாமல்தான் எடுத்தார்கள். அன்று காலை டிராக்டரில் மண்ணும் ஜல்லியும் வந்து இறங்கின. 720 அடிக் குழி குடித்தது ஏறக்குறைய இரண்டு யூனிட். வேகமாகக் கொட்டினால் நடுவில் அடைத்துக்கொண்டு மேலே நிறைந்துவிட்டதுபோல் காட்டும். ஒரு மழைக்கு மறுபடி இறங்கிவிடும். அதனால் கூடை கூடையாகப் போட்டு, தண்ணீர் விட்டு விட்டு நிரப்பினோம். டிராக்டர் வாடகை, ஆள் கூலி எல்லாம் சேர்த்து 9,000 ரூபாய். இரண்டரை வருடம் நான் செலவு செய்ய மனம் வராமல் இருந்தது இந்த ஒன்பதாயிரத்துக்குத்தான். காசு இல்லை என்று சொன்னால் பொய். அதே காலத்தில் பைக் மாற்றியிருக்கிறேன்.

வடக்கே இருக்கிற போரில் இப்போதும் தண்ணீர் இருக்கிறது. ஒவ்வொரு சொம்பும் அந்தக் குழியிலிருந்து உருவிய பைப் வழியாகத்தான் வருகிறது. போர் போடுகிற யாராவது இதைப் படித்தால் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். புகையாகப் போன குழியை, ரிக் வண்டி வாசலைத் தாண்டுவதற்குள் மூட ஏற்பாடு செய்துவிடுங்கள். வண்டி போய்விட்டால் அப்புறம் நமக்கு ஞாயிற்றுக்கிழமையே வருவதில்லை.

குழி நிரம்பிய அன்று சாயங்காலம் பெரியம்மா வந்தார். என்ன சொல்வதென்று தெரியாமல் கைகட்டி நின்றேன். "என்னய மன்னிச்சுருங்க பெரியம்மா" என்று ஒருவழியாகச் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. நிரப்பிய மண்ணின்மேல் ஏறி இரண்டு காலாலும் மிதித்துப் பார்த்தார். பிறகு சுற்றியிருந்த முள்ளைக் கவையால் இழுத்து ஒன்றாகச் சேர்த்து, அடுப்புக்கு ஆகும் என்று கட்டிக்கொண்டு போனார்.