டயகமவில் ஒரு வாத்தியம் தேடி

கிட்டார் வாங்குவதென்று புறப்பட்ட ஒரு குடும்பம் தப்பு ஒன்றைச் சுமந்துகொண்டு வீடு திரும்பியது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் விஷயம். கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். என் மாமா மட்டும் சிரிக்கவில்லை.

என் மகனுக்கு அப்பொழுது வயது பதினாறு. சாதாரண தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு வந்தால் கிட்டார் வாங்கித் தருவதாக முன்பின் யோசியாமல் வாக்களித்துவிட்டேன். பெறுபேறும் வந்தது. இந்துக் கல்லூரியில் தமிழும் இந்து நாகரிகமும் கற்பிக்கும் ஒருவனுக்குக் கிட்டாரைப் பற்றி என்ன தெரியும்? ஆயினும் வாக்கு வாக்குத்தானே! கொழும்புக் கடைகளில் தொடர்ந்து மூன்று சனிக்கிழமைகள் ஏறி இறங்கினோம். ஆலையில் ஒரே அச்சாய்ச் செய்தவை வரிசையாகத் தொங்கின. மகனின் மனம் அவற்றில் நிற்கவில்லை. ஒரு கடையில், தச்சர் ஒருவர் கையாலேயே இழைத்துச் செய்ததென்று ஒன்றைக் காட்டினார்கள். அதைத் தொட்டதும் பையனின் முகம் மாறிற்று. விலையைக் கேட்டதும் என் முகம் மாறிற்று. என் மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல்!

அந்த மூன்று வாரங்களில் நான் கற்றுக்கொண்டவை சில உண்டு. கிட்டாரின் உயிர் அதன் மேற்பலகையிலே இருக்கிறது. குளிர்நாட்டு ஊசியிலை மரத்தை மிக மெல்லியதாக இழைத்து, உட்புறத்தில் சிறு சட்டங்களை ஒட்டி, நரம்பின் இழுவிசையைத் தாங்குமாறு செய்கிறார்கள். சட்டம் பருத்தால் ஒலி ஊமையாகிவிடும். மெலிந்தால் பலகை வளைந்துவிடும். இன்றைய கிட்டாருக்கு வடிவம் வகுத்த ஸ்பானியத் தச்சர் அந்தோனியோ தெ தோரெஸ், 1862ஆம் ஆண்டில் ஒரு வேடிக்கை செய்தார். முதுகையும் விலாவையும் காகித அட்டையால் அமைத்து, மேற்பலகையை மட்டும் நல்ல மரத்தில் செய்து, ஒலி எங்கிருந்து பிறக்கிறதென்று நிரூபித்தார். முதுகுப்புறத்துக்கு உலகமெங்கும் விரும்பப்படும் மரங்களுள் ஒன்று, நம் அயலிலுள்ள மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் தோதகத்தி. தேயிலைக்கும் இந்த இசைக்கும் கூட ஒரு சிறு உறவு உண்டு. 1950களில் இங்கிலாந்தில் காசில்லாத பையன்கள், கீழை நாடுகளிலிருந்து தேயிலை ஏற்றிச் சென்ற வெறும் பெட்டியைக் கவிழ்த்து, ஒரு கம்பும் கயிறும் பூட்டி, அதைக் கிட்டாருக்குத் துணைவாத்தியமாக மீட்டினார்கள். நம்மவர் பறித்த கொழுந்து பயணம் செய்த பெட்டி கடைசியில் பாடவும் செய்தது!

கடைக்காரர் ஒருவர் சொன்ன அறிவுரை மனதில் தங்கியது. “நீங்கள் வாசித்துப் பார்த்தால் மட்டும் போதாது. இன்னொருவர் வாசிக்க, எதிரே தள்ளி நின்று கேளுங்கள்” என்றார். ஏன் என்று அப்போது விளங்கவில்லை.

2024ஆம் ஆண்டு மாசிப் பௌர்ணமி வெள்ளிக்கிழமை விடுமுறையாக வாய்த்தது. டயகமவில் தாய்மாமன் வீட்டிலே காமன் கூத்துப் பார்த்து வரலாமென்று கிளம்பினோம். கோட்டையில் பதுளைப் புகையிரதம் ஏறினால், ஹட்டனுக்கப்பால் சிங்கமலைச் சுரங்கத்தின் இருளில் பிள்ளைகள் கூச்சலிடுவார்கள், பிறகு கொட்டகலை, அதன்பின் சென். கிளயர் நீர்வீழ்ச்சி, தலவாக்கலை. அங்கிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை வழியாக பஸ் வண்டி டயகமவுக்கு ஏறுகிறது. ஏறுகிறது என்பதைவிட ஊர்கிறது என்பதே பொருந்தும்.

டயகம ஒரு முடிவிடம் போலிருக்கும் ஊர். ஹோட்டன் சமவெளியின் அடிவாரம் அது. மேலே காடு, அக்காட்டுப் பக்கமிருந்து வரும் அக்கரை ஓயா கீழே கொத்மலை ஓயாவைச் சேர்ந்து, கடைசியில் மகாவலியாகிறது. காடு முடிந்த இடத்தில் தேயிலை தொடங்குகிறது. தேயிலை மடிப்பில் லயங்கள். மாசியில் பகலெல்லாம் பளிச்சென்று வெயில். நாலு மணிக்கு மேல் மலையிலிருந்து மூடுபனி இறங்கி வரும். இரவில் குளிர் எலும்பைத் தேடிப் போகும். மகன் நண்பனிடம் இரவல் வாங்கி வந்த கிட்டார் இந்தக் குளிருக்கு முதல் இரவிலேயே பணிந்துவிட்டது. காலையில் எடுத்தால் ஒரு நரம்பும் சுருதியில் இல்லை. அவன் முறுக்கிக்கொண்டே இருந்தான். மாமி, “அதுக்கும் ஒரு கம்பளி போத்தியிருக்கலாம் தம்பி” என்றாள்.

காமன் கூத்தை அறியாத வாசகர்களுக்கு ஓரிரு வார்த்தைகள். மாசி மாதத்து வளர்பிறைத் தொடக்கத்தில் காமனை ஊன்றுவார்கள். ரதிக்கும் மதனுக்கும் திருமணம் நடக்கும், சிவனுடைய தவத்தைக் கலைக்கச் சென்ற மதன் பௌர்ணமி இரவில் எரிவான், ரதி அழுவாள். வேடமிடுவோர் விரதமிருப்பார்கள். இத்தனைக்கும் அடியில் விடாமல் ஓடிக்கொண்டிருப்பது தப்பு. தப்பு நின்றால் கூத்து நின்றுவிடும். தமிழ்நாட்டிலிருந்து கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் நடந்து வந்தவர்கள் கொண்டுவந்த சொத்துகளுள் இது ஒன்று. அவர்கள் கொண்டுவந்த பிற பழக்கங்களும் கூடவே வந்தன; அதைப் பின்னர் சொல்கிறேன்.

முற்காலத்தில் தோட்டத்தை விடியுமுன் எழுப்பியதும் இந்த வாத்தியமே. பெரட்டுக்கு ஆள் கூட்டத் தப்படிப்பார்கள். 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்றவரும், மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தவருமான சி. வி. வேலுப்பிள்ளை, தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய கவிதையிலும் அந்த விடியற்கால ஒலி கேட்கிறது. அவர் மடக்கும்புரைத் தோட்டத்தில் பிறந்தவர். காதால் கேட்டதையே எழுதினார்.

அன்று மாலை, கூத்துக்கு முன், கோயிலடியில் தப்புக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். கவ்வாத்து மிலாறைக் கொளுத்தி, அந்தச் சூட்டில் தோலைக் காட்டிக் காட்டி எடுத்தார்கள். பனியில் நனைந்து தளர்ந்த தோல், சூடேற ஏற இறுகும். முதலில் சாக்கை அடிப்பது போலிருந்த ஓசை, பத்து நிமிடத்தில் கணீரென்று எழுந்தது. என் மகன் நெருப்பருகே போய் உட்கார்ந்துகொண்டான். காலையில் ஆறு நரம்பை முறுக்கிச் சலித்தவனுக்கு, நெருப்பைக் கொண்டு சுருதி சேர்ப்பது பெரிய அதிசயமாய்ப் பட்டது.

அங்கே மூத்தவர் ஒருவர் இருந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். அத்தோட்டத்துத் தப்புகளில் பாதி அவர் கையால் ஆனவை. மூன்று வளைந்த மரத்துண்டுகளை இரும்புத் தகட்டால் பிணைத்து வளையமாக்கி, பதப்படுத்திய தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி இழுத்துக் கட்டுவதை அவர் விவரித்தார். “கீழ்நாட்டிலே வெயில்ல காயுது. இங்கே வெயில் ஏது தம்பி? அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடணும். அவசரப்பட்டா ஓரம் பிரிஞ்சிரும்.”

மகன் கிட்டார்க் கடையில் கேட்ட கேள்வியை அப்படியே கேட்டான்: “எது நல்லதுன்னு எப்படித் தெரியும் தாத்தா?”

அவர் நாலு தப்புகளை எடுத்து வைத்தார். பெரியதைத்தான் பையன் முதலில் தூக்கினான். அவர் தலையசைத்து, அவனுடைய இடக்கையை நீட்டச் சொல்லி, தோளிலிருந்து உள்ளங்கை வரை தம் விரலால் சாண் அளந்தார். வளையம் மேற்கையில் சாய்ந்து நிற்க வேண்டும். விரல்கள் விளிம்பைக் கடந்து சிறு குச்சியைப் பிடிக்க வேண்டும். விடிய விடிய அடித்தாலும் கை மரத்துப்போகாத எடை வேண்டும். ஒலியைக் குறித்து அவர் சொன்னதுதான் என்னைத் திடுக்கிட வைத்தது. “அடிக்கிறவன் காதுக்கு ஒரு சத்தம், கேக்கிறவன் காதுக்கு ஒரு சத்தம். நான் அடிக்கிறேன். நீ அந்த மேட்டு லயத்துக்கிட்டப் போயி நில்லு.” பையன் தேயிலைக்கிடையே ஓடினான். நாலையும் ஒன்றன்பின் ஒன்றாக அடித்தார். திரும்பி வந்தவன், பார்வைக்கு எளியதான, விளிம்பில் தோல் கறுத்திருந்த மூன்றாவதைக் காட்டினான். அருகில் நின்றபோது எனக்கு அது மந்தமாய்ப் பட்டிருந்தது. “தூரத்திலே அது ஒண்ணுதான் தனித்தனியாக் கேக்குது அப்பா. மத்ததெல்லாம் இரையுது” என்றான். கிழவர் சிரித்தார். “அதுதான் என்னோடது.”

இதுவரை எல்லாம் இனிமையாகவே இருந்தது. “நான் அடிச்சுப் பாக்கட்டுமா?” என்று மகன் குச்சியைக் கேட்டதும்தான் இடத்தில் ஓர் அமைதி விழுந்தது.

அந்த அமைதியை நான் அறிவேன். எனக்கு எட்டு வயதிருக்கும்போது, இதே கோயிலடியில், தாத்தாவின் கைக்கம்பு என் விரல் முட்டியில் விழுந்தது. ஒரு தப்பை ஆசையோடு தொட்டதே குற்றம். வலியைவிட நினைவிலிருப்பது வேறொன்று: அந்தத் தப்புக்குரியவரின் மகன், என் வகுப்பில் என் பக்கத்தில் இருந்தவன், அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். மறுநாள் அவன் வேறு வாங்கில் போய் உட்கார்ந்தான். நான் கூப்பிடவில்லை. படித்துப் பட்டம் பெற்று, தொல்காப்பியர் நிலத்துக்குரிய கருப்பொருள்களைச் சொல்கையில் பறையையும் யாழையும் ஒரே சூத்திரத்தில் வைத்தார் என்று ஆண்டுதோறும் மாணவருக்குப் பாடஞ் சொல்கிறேன். 1947இல் விபுலாநந்த அடிகளின் யாழ் நூல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியதைப் பெருமையோடு விவரிக்கிறேன். யாழுக்கு நூல் செய்தோம். பறையை இழவு வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, அடித்தவருக்கு வெளியே வைத்துச் சோறு போட்டோம். இந்த இரண்டாவது பாதியை நான் வகுப்பில் ஒருநாளும் சொன்னதில்லை.

மாமா என்னைத் தனியே அழைத்தார். “தம்பி, பிள்ளை தெரியாமக் கேக்குது. நீ சொல்லு. நாளைக்கு ஊர் பேசும்.” அவர் கெட்டவர் அல்லர். இரத்தினபுரிக்கு வேலை தேடிப் போன அயல்வீட்டுப் பிள்ளைக்குத் தம் கைக்கடிகாரத்தை விற்றுக் காசு கொடுத்தவர்.

கிழவரும் குச்சியை நீட்டாமல் என்னையே பார்த்தார். “மாஸ்டர் சொல்லட்டும்” என்றார். பிறகு, யாருக்கோ சொல்வதுபோல், “என் மகனே இதைத் தொட மாட்டேங்கிறான். கொழும்பிலே கடையிலே நிக்கிறான். சாவுக்குக் கூப்பிட்டா நம்மளைத்தானே கூப்பிடுவாங்க, அந்தப் பேரு வேணாமுங்கிறான். அவனைக் குத்தம் சொல்ல முடியுமா?” என்றார்.

முடியாது. இதிலுள்ள சிக்கலே அதுதான். கலை அழிகிறதே என்று வெளியிலிருந்து வருந்துவது எளிது. அந்தக் கலையோடு சேர்த்து இகழ்ச்சியையும் சுமந்தவன் இறக்கி வைக்க விரும்பினால், நீயே சுமந்துகொண்டிரு என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. தமிழ்நாட்டில் காற்று சற்று மாறியிருக்கிறது. திண்டுக்கல்லின் சக்தி குழுவில் பெண்களே பறையடித்து ஆடுகிறார்கள். மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. டயகமவில் அன்று நெருப்பருகே நின்ற எங்களுக்கு அந்தக் காற்று இன்னும் வந்து சேர்ந்திருக்கவில்லை.

“அடிக்கட்டும்” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. ஆகவே மறுபடி சொன்னேன்.

கிழவர் குச்சிகளைக் கொடுத்தார்: நீண்டு மெலிந்தது இடக்கைக்கு, குட்டையாய்த் தடித்தது வலக்கைக்கு. முதல் அரைமணி நேரம் என் மகன் அடித்தது வாத்தியமென்று சொல்லத்தக்கதல்ல. கிட்டாரில் பழகிய விரல்கள் இருந்ததால் தாளம் மட்டும் தப்பவில்லை. கூத்துத் தொடங்கியதும் கிழவர் தம் தப்பை வாங்கிக்கொண்டு, பையனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். அன்றிரவு மதன் எரிந்தபோது மூடுபனிக்குள் நெருப்பு மஞ்சளாய்க் கரைந்தது. ரதியின் அழுகையும் தப்பின் ஓசையும் எதிர்மலையில் மோதித் திரும்பின. வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தோம். மாமா சாப்பிடவில்லை, விரதம் என்றார். அவருக்கு அன்று விரதமில்லை.

ஞாயிறு காலையில் கிழவர் ஒரு தப்பைக் கொண்டுவந்தார். முன்தினம் வைத்த நாலில் அது இல்லை. பையனின் கைக்கு ஏற்றாற்போல் சற்றுச் சிறிய வளையம். அடுப்புக்கு மேலே காய்ந்த புகைமணம் அதில் இருந்தது. வாசலிலே நின்றுகொண்டு கொடுக்க முயன்றார். “உள்ளே வாங்க” என்றேன். அது மாமாவின் வீடு. அழைக்க எனக்கு என்ன உரிமையென்று அழைத்த பிறகே தோன்றிற்று. அவர் இஸ்தோப்பு வரை வந்து உட்கார்ந்தார். மாமி தேத்தண்ணீர் கொண்டுவந்து, எங்களுக்குக் கொடுத்த அதே கண்ணாடிக் குவளையில் கொடுத்தாள். விலை கேட்டேன். தோலுக்கும் மரத்துக்குமான காசை மட்டும் சொன்னார். கைக்கூலி எங்கே என்றதற்கு, “அடுத்த மாசிக்குத் தோல் தளர்ந்திருக்கும், கொண்டாங்க, அப்ப வாங்கிக்கிறேன்” என்றார்.

நாங்கள் புறப்படும்போதெல்லாம் மாமா பஸ் நிற்குமிடம் வரை வருவது வழக்கம். அன்று வரவில்லை. தப்பைச் சுற்றிக்கொள்ளத் தன் கம்பளியை மாமி கொடுத்தாள். அது அவள் கொழுந்து எடுக்கப் போகையில் போர்த்திய பழைய கம்பளி. “பனி படாம எடுத்துப் போ” என்று பையனிடம் சொன்னாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

தலவாக்கலைப் புகையிரத நிலையத்தில் ஒரு பெரியவர் கம்பளிக்குள்ளிருந்த வட்டத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். “என்ன தம்பி, சாவுக்கா கூத்துக்கா?” என்று கேட்டார்.

“படிக்கிறேன் ஐயா” என்றான் மகன்.

அவர் தம் மூட்டையை வாங்கின் ஓரத்துக்கு நகர்த்தி, தப்பை வைக்க இடம் கொடுத்தார்.