பழைய அம்பாசடருக்கு எலக்ட்ரிக் ஃபேன் தேவையா?

இந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியின் இரண்டு கார்களை எடுத்துக்கொள்ளுங்கள். உத்தர்பாராவில் செய்த பழைய பெட்ரோல் அம்பாசடரில் ரேடியேட்டர் ஃபேன் பெல்ட்டில் ஓடும். 1998ல் திருவள்ளூர் ஆலையிலிருந்து வந்த லான்சரில் அது கரண்டில் ஓடும். ஏன் இந்த வித்தியாசம்?

அம்பாசடர் எஞ்சின் நீளவாக்கில் உட்கார்ந்து ரேடியேட்டரைப் பார்த்து நிற்கும். வாட்டர் பம்ப் புல்லியிலேயே ஃபேனை மாட்டிவிடலாம். லான்சரில் எஞ்சின் குறுக்குவாக்கு. பெல்ட் பக்கம் சக்கரத்தைப் பார்த்து இருக்கும். அதனால் மோட்டார் வைத்த ஃபேன்.

திருவள்ளூரிலிருந்து சென்னை போகிற ரயிலில் மூன்றாவது ஸ்டேஷன் வேப்பம்பட்டு. அங்கே ஒரு ஓய்வுபெற்ற பெரியவரிடம் பழைய அம்பாசடர் இருக்கிறது. சிடிஎச் ரோடு நெரிசலில் ஊர்ந்தால் போதும், வண்டி கொதிக்கிறது. "எலக்ட்ரிக் ஃபேன் மாட்டிடலாம்ப்பா" என்கிறான் மகன். "டைனமோ தாங்காதுங்க ஐயா" என்கிறார் மெக்கானிக். சூடு மிஞ்சி எஞ்சின் ஹெட் வளைந்தால் பெரியவரின் பென்ஷன் பணத்தில் ஓட்டைதான்!

மகன் சொல்வதில் நியாயம் உண்டு. பெல்ட் ஃபேன் எஞ்சின் வேகத்தில்தான் சுற்றும். நெரிசலில் காற்று தேவைப்படும்போது மெதுவாகச் சுற்றும். நெடுஞ்சாலையில் எதிர்க்காற்றே போதும் என்கிறபோது வேகமாகச் சுற்றி பெட்ரோலைத் தின்னும். வேகம் 2 மடங்கானால் அது இழுக்கும் சக்தி 8 மடங்கு. காமர்ஸ் பாஷையில் சொன்னால், வியாபாரம் இல்லாத நாளிலும் கட்டுகிற கடை வாடகை மாதிரி. எலக்ட்ரிக் ஃபேன் தேவைப்பட்டால் மட்டும் கூப்பிடுகிற தினக்கூலி.

ஆனால் அந்தக் கூலியைக் கொடுக்கப்போவது யார்? 15 ஆம்பியர் இழுக்கும் ஃபேன் என்றால் 12 வோல்ட்டில் 180 வாட். பழைய டைனமோ முழு வேகத்திலேயே சுமார் 22 ஆம்பியர்தான் தரும். இரவில் ஹெட்லைட்டுக்கு 7, 8 ஆம்பியர். இக்னிஷன், பின்விளக்கு வேறு. கணக்கு உதைக்கிறதா? அதைவிட மோசம், ஐட்லிங்கில் டைனமோ ஏறக்குறைய ஒன்றுமே தராது. நெரிசலில் ஃபேன் ஓட ஓட பாட்டரி காலியாகும். மெக்கானிக் சொன்னது சரிதான்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

1. முதலில் ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பை எடுக்க வேண்டும். தெர்மோஸ்டாட், பெல்ட் தொய்வு இரண்டையும் பார்க்க வேண்டும். பல ஆண்டு ஒழுங்காக ஓடிய வண்டி இப்போது கொதிக்கிறது என்றால் சந்தேகம் முதலில் இவற்றின்மேல்தான் விழ வேண்டும்.

2. பிறகும் கொதித்தால், டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர்.

3. அதன்பிறகுதான் எலக்ட்ரிக் ஃபேன். தனி ஃப்யூஸ், ரிலே, சூடு பார்த்து ஓடவைக்கும் ஸ்விட்ச், மூன்றும் கட்டாயம்.

இன்னொன்று. "இனி பெல்ட் அறுந்தாலும் கவலையில்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வாட்டர் பம்பும் சார்ஜிங்கும் அப்போதும் அதே பெல்ட்டில்தான். டிக்கியில் ஒரு ஸ்பேர் பெல்ட் எப்போதும் இருக்கட்டும்.