லோ யாட்டில் அப்பாவுக்கு ஒரு கைப்பேசி

காலை பத்து மணிக்கு அழைத்தேன். அப்பா எடுக்கவில்லை. பதினொன்றுக்கும் எடுக்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு அழைத்தபோது, இந்த எண்ணைத் தொடர்பு கொள்ள முடியவில்லை என்று பதிவுக்குரல் சொன்னது.

அப்பாவுக்கு வயது எழுபத்து நான்கு. அம்மா போய் மூன்று வருடமாகிறது. சுங்கை சிப்புட் வீட்டில் தனியாக இருக்கிறார். பக்கத்து வீட்டு மக்சிக்கைக் கூப்பிட்டேன். கதவு பூட்டியிருக்கிறது, தட்டினால் பதில் இல்லை என்றார். அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. வேலையிடத்தில் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு, கிள்ளானிலிருந்து காரை எடுத்தேன்.

தாப்பா ஓய்விடம் வரும்போது மக்சிக்கின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது அப்பா.

"என்ன பாப்பா, கோயிலுக்குப் போயிட்டு அப்படியே கூட்டாளி வீட்ல பசியாறிட்டு வந்தேன். இந்த போன் பாதி வழியிலயே செத்துப் போச்சு. அதுக்கா இவ்ளோ பயம்?"

ஓரமாக நிறுத்தி ஒரு தே தாரே குடித்த பிறகுதான் கை நடுக்கம் நின்றது. அன்றே முடிவு செய்தேன். அப்பாவுக்குப் புதுக் கைப்பேசி வாங்கியே ஆக வேண்டும்.

சுங்கை சிப்புட்டிலிருந்து ரயில்

சொல்வது எளிது, அப்பாவைச் சம்மதிக்க வைக்க இரண்டு மாதம் ஆனது. பழையது 2016இல் அண்ணன் வாங்கிக் கொடுத்தது. "பேசுது இல்ல? பிறகு எதுக்குப் புதுசு?" என்பார். கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார்: "என் போனுக்கு நான்தான் காசு கொடுப்பேன். எண்ணூறு வெள்ளிக்கு மேல போகாது."

ஈப்போவிலேயே வாங்கியிருக்கலாம். ஆனால், அப்பாவுக்குக் கோலாலம்பூரைப் பார்த்து ஐந்தாறு வருடமாகிவிட்டது. எனக்கும் ஒரே கட்டடத்தில் பல கடைகளைப் பார்த்து விலை ஒப்பிட வேண்டும். அதனால் ஒரு சனிக்கிழமை காலை சுங்கை சிப்புட் நிலையத்தில் இடிஎஸ் ரயில் ஏறினோம்.

ஈப்போவைத் தாண்டும்வரை சுண்ணாம்புக் குன்றுகள் கூடவே வந்தன. பிறகு பத்து காஜா, கம்பார், தாப்பா ரோடு என்று ஊர்கள் வேகமாக நகர்ந்தன. அப்பா சட்டைப் பையை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டார். உள்ளே ஓர் உறை, அதில் ஐம்பது வெள்ளித் தாள்கள் பதினாறு.

கேஎல் சென்ட்ரலில் இறங்கி மோனோரயிலுக்கு மாறினோம். அடுத்த நிலையத்தின் பெயரைப் பார்த்ததும் அப்பாவின் முகம் மலர்ந்தது: துன் சம்பந்தன்.

"நம்ம ஊர்க்காரர்" என்றார், பெட்டியில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் மரம் வெட்டியவர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கிய சங்கம் அது. அப்போது அப்பாவுக்கு ஒன்பது வயது. தாத்தா பத்து வெள்ளித் தாளை வேட்டி மடிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தது இன்னும் நினைவிருக்கிறது என்றார். சொல்லிவிட்டு மறுபடியும் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார்.

கடைகளால் ஆன கட்டடம்

இம்பி நிலையத்தில் இறங்கினால் பெர்ஜெயா டைம்ஸ் ஸ்குவேர். சாலையைக் கடந்து சில நிமிடங்கள் நடந்தால் லோ யாட் பிளாசா. 1999இல் திறக்கப்பட்டது. முன்பக்கம் நிற்கும் ஃபெடரல் ஹோட்டல் அதைவிட மூத்தது. மெர்டேக்கா கொண்டாட்டத்துக்கு வரும் விருந்தினர்களுக்காக 1957இல் எழுந்தது. இரண்டுமே லோ யாட் என்ற தொழிலதிபரின் குழுமத்தைச் சேர்ந்தவை.

உள்ளே நுழைந்ததும் அப்பா ஒரு கணம் நின்றுவிட்டார். தளத்துக்குத் தளம் கைப்பேசி, கணினி, மின்னூட்டி, உறை, கண்ணாடி. கீழே பெரிய நிறுவனங்களின் பளபளப்பான கடைகள். மேலே போகப் போகக் கடைகள் சிறுத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியும் சூட்டுக்கோலுமாகப் பழுது பார்ப்பவர்கள். மின்படிக்கட்டின் இரு பக்கமும் இளைஞர்கள் கூப்பிட்டார்கள்.

"அங்கிள், ஹெண்ட்போன் சாரி? மாசோக் டுலு, தெங்கோ டுலு!"

"எல்லாருக்கும் நான் அங்கிளாயிட்டேன்" என்று அப்பா சிரித்தார்.

வாங்குவதற்கு முன்னால் அவர் கேட்ட ஒரு கேள்வி நியாயமானது: "இதுக்குப் புது பேட்டரி போட்டாப் போதாதா?" அதனால் முதலில் மேல் தளத்துக்கே போனோம்.

பழுது பார்க்கும் சீன இளைஞர் பழைய கைப்பேசியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பின்மூடி லேசாக மேடு தட்டியிருந்தது. மின்கலன் வீங்கியிருக்கிறது, இதைத் தலைமாட்டில் வைத்து மின்னூட்டாதீர்கள் என்று முதலில் எச்சரித்தார். மாற்றினால் தொண்ணூறு வெள்ளி. "ஆனால், மாற்றினாலும் உங்கள் பிரச்சினை தீராது" என்று மலாயில் சொல்லி, காரணத்தையும் காட்டினார்.

உள்ளே இருந்தது ஆண்ட்ராய்டு 6. இனி அதற்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வராது. அப்பாவின் வங்கிச் செயலி அதில் இயங்க மறுத்து ஒரு வருடமாகியிருந்தது. குறுஞ்செய்தியில் வரும் எண்ணை மோசடிக்காரர்கள் பறித்துவிடுகிறார்கள் என்பதால், அதைவிடப் பாதுகாப்பான முறைக்கு மாறும்படி 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா வங்கிகளுக்குச் சொன்னது. அதன் பிறகு பல வங்கிகள் ஒப்புதலைச் செயலிக்குள்ளேயே கேட்கின்றன. செயலி ஓடாத கைப்பேசி இருந்தால் ஒவ்வொரு முறையும் வங்கிக்கே போய் வரிசையில் நிற்க வேண்டும். அப்பா அதைத்தான் செய்துகொண்டிருந்தார். என்னிடம் சொல்லவில்லை.

இன்னொன்றையும் அந்த இளைஞர் சொன்னார். நம் நாட்டில் 2021 முடிவோடு 3ஜி நிறுத்தப்பட்டது. 4ஜி வழியாகக் குரல் அழைப்பு செய்யத் தெரியாத பழைய கைப்பேசிகள், அழைப்பு வந்ததும் 2ஜிக்கு இறங்கிவிடும். அப்பாவோடு பேசும்போது குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டதற்கும், பேசும்போதெல்லாம் இணையம் நின்றுபோனதற்கும் இதுதான் காரணமாம்.

பார்த்ததற்குக் காசு வேண்டாம் என்றுவிட்டார். அப்பா மனம் மாறியது அங்கேதான்.

எண்களின் சந்தை

கீழே இறங்கி நான்கு கடை ஏறினோம். எல்லா அட்டைகளிலும் எண்கள். ஒரு கைப்பேசியில் "16ஜிபி" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பக்கத்தில் போய்ப் படித்தால் 8 கூட்டல் 8. முதல் எட்டுதான் உண்மையான இயக்க நினைவகம். இரண்டாவது எட்டு, சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கியது. வேகத்தில் இரண்டும் ஒன்றல்ல. கேமராவும் அப்படித்தான்: பின்னால் மூன்று கண்கள் இருக்கும், ஒன்றுதான் ஒழுங்காகப் படமெடுக்கும், மற்றவற்றில் 2 மெகாபிக்சல் ஒன்று அலங்காரத்துக்கு நிற்கும்.

நாங்கள் பார்த்தவை வேறு. மின்கலன் 5000 எம்ஏஎச் இருக்கிறதா? நினைவகம் 6ஜிபிக்குக் குறையாமல், சேமிப்பிடம் 128ஜிபி உண்டா? காலை வணக்கப் படங்களே அப்பாவின் பழைய 16ஜிபியை நிரப்பியிருந்தன. திரையில் எழுத்தைப் பெரிதாக்கினால் பொத்தான்கள் மறையாமல் இருக்கிறதா? ஒலிபெருக்கியின் சத்தம் அப்பாவின் காதுக்குப் போதுமா? இதைச் சோதிக்க ஒவ்வொரு கடையிலும் ஒரு பழைய பாட்டைப் போடச் சொன்னார். மூன்றாவது கடையில் விற்பனைப் பெண் கைதட்டினாள்.

நான் ஒவ்வொரு கடையிலும் கேட்ட கேள்வி ஒன்று: எத்தனை வருடத்துக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும்? இரண்டு கடைகளில் பதில் இல்லை. முன்பெல்லாம் மலிவு விலைக் கைப்பேசிகளுக்கு இரண்டு வருடமே பெரிது. 2024இல் வந்த சாம்சங் கேலக்சி ஏ16 5ஜிக்கு ஆறு வருடம் என்று அறிவித்தார்கள். அதன் பிறகு இந்தக் கேள்வியைக் கூச்சமில்லாமல் கேட்கலாம். அப்பாவைப் போல ஒன்பது வருடம் ஒரே கைப்பேசியை வைத்திருப்பவருக்குக் கேமராவைவிட இதுதான் முக்கியம்.

நான்காவது கடையில் ஒன்று பிடித்துப்போனது. விலை 699 ரிங்கிட். நான்கு வருடப் பாதுகாப்புப் புதுப்பிப்பு. கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, அதே கைப்பேசி ஏபி செட் என்றால் எண்பது வெள்ளி குறையும் என்றார். வேறு நாட்டுச் சந்தைக்கென்று தயாரித்து இங்கே கொண்டு வருவது ஏபி செட். பழுதானால் தயாரிப்பு நிறுவனத்தின் மலேசியச் சேவை மையம் ஏற்காது. விற்ற கடைதான் பொறுப்பு. சுங்கை சிப்புட்டிலிருந்து லோ யாட்டுக்கு வந்துபோகும் ரயில் செலவைக் கணக்குப் போட்டேன். எண்பது வெள்ளி லாபம் அங்கேயே கரைந்தது. மலேசிய செட்டையே எடுத்தோம்.

"போலே குராங்?" என்றார் அப்பா. விலை குறையவில்லை. உறையும் திரைக் கண்ணாடியும் இலவசமாக வந்தன. உறையிலிருந்து பதினான்கு தாள்களை எண்ணிக் கொடுத்து, மீதி ஒரு வெள்ளியையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அம்மா வைத்த பெயர்கள்

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பழைய சிம் அட்டையைப் புதியதில் போட்டதும் அப்பா பெயர்ப் பட்டியலைத் திறந்தார். ஒன்றுமே இல்லை. முகம் வாடிவிட்டது.

"பேரெல்லாம் எங்க போச்சு?"

பழைய கைப்பேசியில் எண்களைப் பதிந்தது அம்மா. அப்பாவுக்குப் பேசத்தான் தெரியும். தட்டச்சு அம்மாவின் வேலை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்த தமிழில், தனக்குத் தோன்றியபடி ஒவ்வொருவருக்கும் பெயர் வைத்திருந்தார். "கேஸ் தவுக்கே". "மீன்காரர் செவ்வாய்க்கிழமை". "கோயில் சாவி". "அப்பா கூட்டாளி பழைய லாரி". "முடிவெட்டுற தம்பி நல்லவன்". அவை சிம்மிலும் இல்லை, கூகள் கணக்கிலும் இல்லை. அந்த வீங்கிய கைப்பேசியின் உள்நினைவகத்தில் மட்டுமே இருந்தன.

மறுபடியும் மேல் தளத்துக்கு ஓடினோம். அதே இளைஞர். பழையதை மின்னூட்டியில் செருகி, விழித்த நேரத்துக்குள் பட்டியல் முழுவதையும் ஒரே கோப்பாக்கிப் புதியதுக்கு அனுப்பினார். பத்து நிமிட வேலை. கூகள் கணக்கிலும் ஒரு பிரதி ஏற்றினார். நூற்றுப் பதினேழு பெயர்கள். அப்பா ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தார். இறந்துபோன இரண்டு பேரின் எண்களை அழிக்கலாமா என்று கேட்டேன். "இருக்கட்டும், அவ எழுதினது" என்றார்.

இந்த முறை இளைஞர் இருபது வெள்ளி கேட்டார். அப்பா பேரம் பேசவில்லை.

நீங்களும் போவதாக இருந்தால்

வீட்டில் மூத்தவர்களுக்குக் கைப்பேசி மாற்றும் வாசகர்களுக்கு, என் அனுபவத்திலிருந்து சில வார்த்தைகள். பழையதிலிருந்து பெயர்களையும் படங்களையும் புலன உரையாடல்களையும் மாற்றி முடிக்கும்வரை எதையும் அழிக்காதீர்கள், பழையதைக் கடையில் கொடுத்துவிடாதீர்கள். காசு கொடுப்பதற்கு முன் *#06# என்று அழுத்துங்கள். திரையில் வரும் எண்ணும் பெட்டியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். மலேசிய செட்டா என்று கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள். வீங்கிய மின்கலனைக் குப்பையில் போடாமல் மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் சேருங்கள்.

வங்கிச் செயலியைப் போட்டுக் கொடுத்த கையோடு, புலனத்தில் வரும் திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் எந்தச் செயலியையும் பதிவிறக்கக் கூடாது என்பதையும் சொல்லிக் கொடுங்கள். பணம் பறிபோனதாகச் சந்தேகம் வந்தால் உடனே அழைக்க வேண்டிய தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் எண் 997. அப்பாவின் பட்டியலில் நூற்றுப் பதினெட்டாவது பெயராக அதைச் சேர்த்தேன். என்ன பெயர் வைக்கட்டும் என்று கேட்டதற்கு, கொஞ்சம் யோசித்துவிட்டு "திருடன் வந்தா" என்று போடச் சொன்னார்.

மாலை ரயிலில் ஊர் திரும்பினோம். தஞ்சோங் மாலிம் தாண்டியதும், சத்தம் சரியாகக் கேட்கிறதா என்று பார்க்க, பக்கத்து இருக்கையிலிருந்தே அப்பாவை அழைத்தேன். புதுத்திரை வெளிச்சமாக எரிந்தது. அதில் பெரிய எழுத்தில் என் பெயர். அம்மா எனக்கு என்ன பெயர் வைத்திருந்தார் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

"சின்னது, சாப்பிட்டாளா கேளுங்க."

அப்பா கைப்பேசியைக் காதில் வைத்து, என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டார்.

"பாப்பா, சாப்பிட்டியாம்மா?"