தொடக்கத்திலிருந்து சொல்



2025ஆம் ஆண்டுப் பள்ளி விடுமுறை ஒன்றில், என் பழைய மாணவி ஒருத்தி தன் தந்தையோடு என் இல்லத்திற்கு வந்திருந்தாள். மின்னணுப் பொறியியல் இறுதியாண்டு மாணவி. கையில் ஒரு நீல நிறக் கோப்பு, முகத்தில் வாட்டம்.

“ஐயா, இரண்டு நேர்முகத் தேர்வுக்குச் சென்றேன். இரண்டிலும் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை” என்றாள்.

அவள் தந்தை லோரி ஓட்டுநர். அதிகம் பேசாதவர். “பள்ளியில் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கிய பிள்ளை, ஐயா. அங்கே போய் ஏன் பேச்சு வரவில்லை என்று எனக்குப் புரியவில்லை” என்று மட்டும் சொன்னார். அக்கேள்வி எனக்கும் உரியது என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

நம் நாட்டின் வடபகுதியில் பொறியியல் பயிலும் மாணவர்க்கு, இறுதியாண்டில் நிறுவனங்கள் பல்கலைக்கழக வளாகத்திற்கே வந்து ஆள் எடுக்கும் நாள் மிக முக்கியமானது. 1972இல் தொடங்கப்பட்ட பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக வட்டாரமும், 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவும் அருகிலேயே உள்ளன. அங்குள்ள ஆலைகளுக்குள் நுழைய இந்த நேர்முகத் தேர்வே பலருக்கும் முதல் வாசல். இவள் சென்ற இரண்டிலும் மனிதவள அதிகாரி ஒருவரும் பொறியாளர் ஒருவரும் எதிரே அமர்ந்து வினவினார்களாம்.

ஆலையொன்றில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் எங்கள் வட்டாரத்தில் வசிக்கிறார். அவரை அழைத்தேன். என் வீட்டு உணவு மேசையே நேர்முகத் தேர்வு அறையானது.

“உன்னைப் பற்றிச் சொல்” என்று நண்பர் ஆங்கிலத்தில் தொடங்கினார்.

அவள் நிமிர்ந்து அமர்ந்தாள். தங்குதடையின்றி ஆங்கிலம் பொழிந்தது. பிறந்த ஊர், படிப்பு, தலைமைத்துவம், கடின உழைப்பு, குழுவாகச் செயல்படும் பண்பு என எல்லாம் வரிசையாக வந்தன. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நண்பர் இடைமறித்து, “உன் இறுதியாண்டு ஆய்வுத் திட்டத்தில் எது உனக்கு மிகக் கடினமாக இருந்தது?” என்று கேட்டார்.

அவள் விழித்தாள். சற்று நேரம் மௌனம். பிறகு கண்களை ஒருமுறை மூடித் திறந்து, தன் பெயரிலிருந்து மீண்டும் சொல்லத் தொடங்கினாள்.

எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கண் மூடலை நான் அறிவேன். 2013ஆம் ஆண்டு, அவள் ஐந்தாம் ஆண்டு படித்தபோது, வட்டார அளவிலான பேச்சுப் போட்டிக்கு அவளைத் தயார் செய்தவன் நான்தான். உரையை எழுதியதும் நான்தான். இடையில் ஒரு வரி மறந்து அவள் திகைத்து நின்றபோதெல்லாம், “கண்ணை மூடித் திற, தொடக்கத்திலிருந்து சொல்” என்பேன். அவள் பரிசு பெற்றாள். பள்ளிக்குக் கேடயம் வந்தது. எனக்கும் பாராட்டு கிடைத்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, வேலை வேண்டி அமர்ந்திருக்கும் இடத்திலும் அவள் நான் சொல்லிக் கொடுத்ததைத்தான் செய்தாள்.

அன்று நண்பரை நிறுத்தச் சொல்லிவிட்டு, “அம்மா, ஆங்கிலம் வேண்டாம். ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குச் சொல்வதுபோல், நீ என்ன செய்தாய் என்பதை எனக்குத் தமிழில் சொல்” என்றேன்.

மெல்ல மெல்லச் சொன்னாள். வெள்ளம் வருமுன் எச்சரிக்கை தருவதற்காக, கால்வாயின் நீர்மட்டத்தை அளக்கும் கருவி ஒன்றை நால்வர் குழு உருவாக்கியது. நீருக்கு ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரத்தில் மீயொலி உணரி ஒன்றைப் பொருத்தினார்கள். அது ஒலியைக் கீழே அனுப்பும்; எதிரொலி திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு தூரம் கணக்கிடப்படும். ஆனால், மழையே இல்லாத நாளிலும் பிற்பகலில் நீர் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்ததாகக் கருவி காட்டியது. இரவில் இறங்கிவிடும். உணரி பழுது என்று எண்ணிப் புதியது வாங்கினார்கள். அதுவும் அவ்வாறே காட்டியது. இவள் மட்டும் ஒரு நாள் முழுவதும் கால்வாய் ஓரம் இருந்து, மணிக்கொரு முறை அளவுகோலால் அளந்து குறித்திருக்கிறாள். நீர்மட்டம் மாறவே இல்லை. மாறியது வெப்பம்தான்.

காற்றில் ஒலியின் வேகம் 20 பாகை செல்சியசில் விநாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர். வெப்பம் ஒரு பாகை கூடினால் வேகம் ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடும். பகலுக்கும் இரவுக்கும் 10 பாகை வேறுபாடு இருந்தால், இரண்டு மீட்டர் தூரத்தில் மூன்றரை சென்டிமீட்டர் பிழை வரும். வெயில் நேரத்தில் எதிரொலி விரைந்து திரும்புவதால், நீர் அருகில் வந்துவிட்டதாகக் கருவி ஏமாந்தது. இதைக் கண்டுபிடித்து, வெப்ப உணரி ஒன்றைச் சேர்த்துக் கணக்கைத் திருத்தியவள் இவள்.

நண்பர் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார். “இதை ஏன் அங்கே சொல்லவில்லை?”

“தவறு நடந்ததைச் சொன்னால் மதிப்பெண் குறையும் என்று நினைத்தேன், மாமா. மேலும், எல்லாரும் சேர்ந்து செய்த வேலை. ‘நான் செய்தேன்’ என்றால் தற்பெருமை ஆகிவிடாதா?”

இதுவும் நாம் ஊட்டியதுதான். அடக்கம் நல்ல பண்பே, அதில் ஐயமில்லை. ஆனால், குழுவில் உன் பங்கு எது என்று கேட்பவரிடம் “நாங்கள்” என்றே சொல்லிக்கொண்டிருந்தால், அவருக்கு எதுவும் தெரியாமலேயே போய்விடுகிறது. “கருவியை நாங்கள் உருவாக்கினோம்; பிழையின் காரணத்தை நான் கண்டறிந்தேன்” என்பது தற்பெருமை அன்று; உண்மை.

அடுத்த இரண்டு வாரங்கள் மாலைதோறும் பயிற்சி நடந்தது. மனனம் செய்த உரையை ஓரங்கட்டினோம். தான் செய்த வேலைகளில் ஐந்தைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் சூழல், பணி, செயல், விளைவு என நான்கு குறிப்புகள் மட்டும் எழுதச் சொன்னார் நண்பர். முழு வாக்கியம் எழுதத் தடை. ஒவ்வொரு நாளும் வேறு கேள்வி, வேறு வரிசை. நடுவில் நான் வேண்டுமென்றே குறுக்கிடுவேன். அடிப்படைப் பாடங்களையும் மீள்பார்வை செய்தாள். ஓம் விதியைக் கேட்டால் சூத்திரத்தை மட்டும் ஒப்பிக்காமல், ஒரு மின்விளக்குக்குத் தடையம் தெரிவு செய்து காட்ட வேண்டும். தெரியாத கேள்விக்கு, “இது எனக்குத் தெரியாது, ஆனால் இப்படிச் சோதித்துப் பார்ப்பேன்” என்று சொல்ல வேண்டும். இதுதான் அவளுக்கு மிகக் கடினமாக இருந்தது. “தெரியாது” என்று ஆசிரியர் முன் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

இறுதியில் நாம் கேட்பதற்கும் ஒரு கேள்வி வேண்டும் என்றார் நண்பர். மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பதிந்துகொண்டு நிபுணத்துவப் பொறியாளராக உயர விரும்புவோர்க்கு, இங்கே வழிகாட்ட மூத்த பொறியாளர் உண்டா என்று கேட்பதென அவளே முடிவு செய்தாள்.

மூன்றாவது நேர்முகத் தேர்வு முடிந்த அன்று மாலை தொலைபேசியில் அழைத்தாள். “ஐயா, கால்வாய்க் கதையை மட்டுமே இருபது நிமிடம் கேட்டார்கள். இரண்டு கேள்விக்குத் தெரியாது என்று சொன்னேன். நடுவில் ஒருமுறை நின்றுவிட்டேன்.”

“நின்றதும் என்ன செய்தாய்?”

“தொடக்கத்திற்குப் போகவில்லை, ஐயா. கொஞ்சம் யோசிக்க நேரம் கேட்டேன். கொடுத்தார்கள்.”

இன்று அவள் கூலிமில் ஓர் ஆலையில் சோதனைப் பிரிவுப் பொறியாளர். முதல் மாதச் சம்பளத்தில் எனக்கு ஒரு பேனா வாங்கி வந்தாள். அதைக் கொண்டு இனி மாணவர்க்குப் பேச்சு உரை எழுதித் தருவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆசிரிய நண்பர்களே, யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டு அகற்றப்பட்டுவிட்டது. ஆயினும் மாதிரிக் கட்டுரையை மனனம் செய்விக்கும் பழக்கம் நம்மை விட்டு முற்றாக அகலவில்லை. செய்யுளையும் பழமொழியையும் மனனம் செய்யட்டும். அவை மனத்தில் தங்க வேண்டியவை. தன் சொந்த அனுபவத்தையும் பிறர் எழுதித் தந்து மனனம் செய்ய வேண்டுமா?

பெற்றோர்களே, இன்று எத்தனை மதிப்பெண் என்று கேட்கும் அதே வாயால், இன்று எது உனக்கு வரவில்லை, அதற்கு நீ என்ன செய்தாய் என்றும் பிள்ளையிடம் கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள். நேர்முகத் தேர்வுப் பயிற்சியை வீட்டில் அவ்வாறு தொடங்கலாம், கட்டணமும் இல்லை.

சென்ற வாரம் என் வகுப்பில் நான்காம் ஆண்டுச் சிறுவன் ஒருவன், தன் பூனையைப் பற்றிப் பேச வந்து பாதியில் நின்றுவிட்டான். பழைய சொல் என் நாக்கின் நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டு, “பூனை பிறகு எங்கே போனது?” என்று கேட்டேன். அவன் கூரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சிரித்தான். பிறகு சொல்லத் தொடங்கினான்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியன்